புதர் என்று எழுதியவன் நான்



அமெரிக்காவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பும் பெற்றோர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். வருகிறவர் போகிறவர் எல்லோரையும் உட்கார வைத்துப் படம் காட்டினேன். கோல்டன் கேட் பாலத்துக்குப் பெரிய வரவேற்பு இல்லை. அது இப்போது எல்லோர் வீட்டுக் கைப்பேசியிலும் இருக்கிறது. அந்தப் பாலத்தைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரத்தில் மியூர் வுட்ஸ் என்று ஒரு பழங்காடு உண்டு. அந்தப் படங்கள் வந்த பிறகுதான் வாயைப் பிளந்தார்கள்.

சென்ற வாரம் வந்த நண்பரும் அப்படித்தான். அவரும் ஓய்வு பெற்றவர். கோயில் திருப்பணிக் குழுவில் இருக்கிறார். "அடேங்கப்பா, காடுன்னா இதுல்ல காடு! நம்ம பக்கம் இப்படி ஒண்ணு உண்டா அண்ணே?" என்றார். காபி குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஒரு மனு. எங்கள் பக்கத்துக் கிராமத்து ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள புதரை அகற்ற வேண்டும். பேவர் பிளாக் பதித்த நடைபாதை வேண்டும். வண்டி நிறுத்த இடம், விளக்குக் கம்பங்கள், கடைசியாக ஒரு 'செல்ஃபி பாயிண்ட்' வேண்டும்.

"நீங்க கவர்மெண்ட்ல இருந்தவரு. வார்த்தையெல்லாம் சரிபார்த்து, முதல் கையெழுத்தையும் நீங்களே போட்டுடுங்க அண்ணே."

நான் போடவில்லை. பேச்சு தடித்தது. அவர் இரண்டாவது காபி குடிக்காமலே எழுந்து போய்விட்டார். அன்று என் வாயில் ஒழுங்காக வராததை இங்கே எழுதுகிறேன். கிராமத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கோயிலும் இப்படி ஒரு மனுவும் இருக்கலாம்.

முதலில் அந்த அமெரிக்கக் காட்டைப் பற்றிச் சொல்கிறேன். நண்பருக்கு மரங்கள் மட்டும்தான் கண்ணில் பட்டன. எனக்குக் காலடியில் இருந்ததுதான் முக்கியமாகப் பட்டது.

மியூர் வுட்ஸுக்கு நினைத்த நேரத்தில் போய்விட முடியாது. வண்டி நிறுத்த முன்பதிவு செய்ய வேண்டும். 2018-லிருந்து இந்த விதி. மகள் இரண்டு வாரம் முன்னாலேயே பதிவு செய்திருந்தாள். மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கும்போது கைப்பேசியில் சிக்னல் போய்விட்டது. உள்ளே சுத்தமாக இல்லை. மருமகன் முகம் வாடிவிட்டது. எனக்கு நிம்மதி. பக்கத்தில் இருக்கும் மலைக்கு டமால்பயஸ் என்று பெயர். அந்த மண்ணின் பூர்வகுடிகளான மீவோக் மக்களின் மொழியில் வந்த பெயராம். என் மனைவி காதில் அது 'தமிழ்' என்று விழுந்து, கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தாள்.

வாசலுக்கு அருகில் ஒரு மரத்தின் குறுக்குவெட்டை வைத்திருக்கிறார்கள். 909-ஆம் ஆண்டு முளைத்து 1930-இல் விழுந்த மரம். வளையங்களில் சரித்திர நிகழ்ச்சிகளைக் குறித்திருக்கிறார்கள். எல்லாம் அவர்கள் பக்கத்துச் சரித்திரம். நான் மனதுக்குள் நம்முடையதைப் போட்டுப் பார்த்தேன். அது விதையிலிருந்து தலை நீட்டியபோது நம் பக்கத்தில் முதலாம் பராந்தகச் சோழன் பட்டத்துக்கு வந்து இரண்டு வருடம். ஆனந்த ரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது அதற்கு எண்ணூறு வயதுக்கு மேல். இன்று நின்றுகொண்டிருக்கும் மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்நூறிலிருந்து எண்ணூறு வயது. மிக உயரமானது ஏறக்குறைய 258 அடி. செம்மரப் பட்டை ஓரடி கனம் வரை இருக்கும். கோடையில் மழை கிடையாது. கடலிலிருந்து வரும் மூடுபனியை இலையாலேயே குடித்துப் பிழைக்கின்றன.

இவ்வளவு உயரமான மரத்துக்கு ஆணிவேர் பாதாளம் வரை போகும் என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். பத்துப் பன்னிரண்டு அடிக்குள்தான் வேர். ஆனால் பக்கவாட்டில் நூறு அடி வரை பரவி, பக்கத்து மரத்தின் வேரோடு பின்னிக்கொள்ளும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதாவது நாம் மரத்திலிருந்து ஐம்பது அடி தள்ளி நின்றாலும் அதன் வேர்மேல்தான் நிற்கிறோம். ஆயிரக்கணக்கான பேர் தினமும் மிதித்தால் மண் இறுகிப்போகும்; தண்ணீரும் காற்றும் இறங்காது. ஒரு காலத்தில் அவர்களும் உள்ளே தார்ப்பாதை போட்டு வைத்திருந்தவர்கள்தான். பிறகு அந்தத் தாரைப் பெயர்த்து எடுத்துவிட்டு, தரையைத் தொடாமல் உயர்த்திய மரப்பலகைப் பாதையைப் போட்டிருக்கிறார்கள். போட்ட பாதையை அரசாங்கம் பெயர்த்து எடுத்தது என்று படித்ததும், முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு தள்ளிய எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நம் ஊரில் பாதையைப் பெயர்ப்பார்கள், அதற்கு மேல் இன்னொரு பாதை போட.

அந்தப் பலகையில் என் மனைவி ஒன்றரை மணி நேரம் நடந்தாள். அவளுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. வீட்டில் மாடிப்படி ஏற மாட்டாள். படி இல்லை, மேடு பள்ளம் இல்லை. என்னைவிட வயதான ஒரு வெள்ளைக்காரர் தம் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். ஓரிடத்தில் அமைதியாக நுழையுங்கள் என்று ஒரு பலகை. அதற்குப் பிறகு குழந்தைகள்கூடக் கிசுகிசுத்துத்தான் பேசின. 1945 மே 19 அன்று, ஐக்கிய நாடுகள் சபையை உருவாக்க சான் பிரான்சிஸ்கோவில் கூடியிருந்த பல நாட்டுப் பிரதிநிதிகள், காலமான ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு அஞ்சலி செலுத்த வந்து நின்ற இடம் அது.

இனி படம் எடுத்த கதை.

எனக்கு இளமையிலிருந்தே புகைப்படப் பைத்தியம் உண்டு. அன்று முந்நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் தோல்வி. அடியை எடுத்தால் உச்சி வரவில்லை. உச்சியை எடுத்தால் வெறும் கோடு. மனைவியை முன்னால் நிறுத்தி எடுத்ததில் மனைவியும் சின்னதாக, மரமும் சின்னதாக. தேறியது பத்துப் படம். அந்தப் பத்தைப் பார்த்துத்தான் நண்பர் வாய் பிளந்தார்.

அந்த ஊரிலேயே இன்னும் வடக்கே, ரெட்வுட் தேசியப் பூங்காவில், உலகத்திலேயே உயரமான மரம் இருக்கிறது. 115 மீட்டருக்கு மேல். 2006-இல் கண்டுபிடித்து ஹைப்பீரியன் என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பாதையே கிடையாது. ஆனாலும் அதன் அடியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள ஜனங்கள் புதரையும் பெரணியையும் மிதித்துக்கொண்டு போனார்கள். அடி மரத்தைச் சுற்றிப் பெரணிகூட முளைக்காத அளவுக்குத் தரை கெட்டிப்பட்டுப் போனது. 2022-இல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். மீறிப் போனால் ஐயாயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வேடிக்கை என்னவென்றால், கீழே நின்று பார்த்தால் அதன் உச்சியே கண்ணுக்குத் தெரியாதாம். படத்தில் விழாத ஒன்றைப் படம் எடுக்கப் போய் அதன் வேரை மிதித்திருக்கிறார்கள்.

ஆகவே கேமரா பிடித்தவன் எல்லாம் காட்டை நேசிக்கிறவன் என்று நான் நம்பத் தயாராக இல்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பலகைப் பாதையில் போய்க்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள்: "அப்பா, சின்ன வயசுல பொங்கல் வைக்க ஒரு ஐயனார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவீங்களே, அங்ககூட பகல்லயே இருட்டா இருக்கும்ல?" உடனே பேத்தி பிடித்துக்கொண்டாள். ஒன்பது வயது. "தாத்தா, உங்க ஊர் காட்டுல என்ன மரம் இருக்கு?"

எனக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை. ஆலமரம், வேப்பமரம் என்று சமாளித்தேன். அது தெருவிலேயே இருக்கிறதே, காட்டில் என்ன என்று திரும்பக் கேட்டாள்.

நான் படித்தது பிரஞ்சு மீடியம். பிரெவே வரை. முசியே பிரம்போடு நின்று திக்தே சொல்வார். ஷேன், ஏத்ர், சப்பன். ஓக்கு மரம், பீச் மரம், ஃபிர் மரம். இந்த மூன்றில் ஒன்றையும் நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவோம். இலையுதிர் காலத்தில் அவை என்ன நிறமாகும் என்பதும் தெரியும். பள்ளி விட்டு வீட்டுக்குப் போகிற வழியில், விடுமுறைக்குப் பாட்டி ஊருக்குப் போகிற வழியில் நின்ற மரங்களுக்குப் பெயர் இருக்கிறதா என்றே யாரும் கேட்டதில்லை. பாடப் புத்தகத்தில் இருந்தால் காடு. வழியில் இருந்தால் புதர்.

இந்த அறியாமையோடுதான் நான் அரசாங்க வேலைக்கு வந்தேன். இனி சொல்லப் போவதுதான் நண்பரிடம் சொல்ல முடியாமல் போனது.

1994 என்று நினைவு. நான் அப்போது யு.டி.சி. மேலே சொன்ன அதே கோயில். அதற்கு ஒரு சிமெண்ட் பாதை கேட்டு மனு வந்தது. பொறியாளர் எஸ்டிமேட் அனுப்பினார். நம் பொதுப்பணி எஸ்டிமேட்டுகளில் முதல் வரி பெரும்பாலும் 'ஜங்கிள் கிளியரன்ஸ்' என்றுதான் இருக்கும். சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று ரேட் உண்டு. நான் கோப்பில் நோட் போட்டேன். கோயிலைச் சுற்றி அடர்ந்துள்ள புதரை அகற்றி, ஆறடி அகலத்தில் சிமெண்ட் பாதை அமைப்பது பக்தர்களுக்குப் பெரிதும் வசதியாக இருக்கும் என்று. எழுதுவதற்கு முன் நான் போய்ப் பார்க்கவில்லை. பொங்கல் வைக்கப் போன இடம்தானே, தெரிந்த இடம்தானே என்று நினைத்துக்கொண்டேன். கோப்பு மேலே போய் ஒப்புதலாகித் திரும்பி வந்தது. நல்ல நோட் என்று அதிகாரி பாராட்டினார். பாதை போட்டார்கள். திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது.

கோயிலுக்குப் பின்புறம் ஒரு இலுப்பை நின்றது. மூன்று பேர் கைகோத்தாலும் கட்ட முடியாது. அதற்கு ஒரு முழம் தள்ளி அந்தப் பாதை போனது.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் நம்மை அடித்தது. உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் முந்திரி, பலா, தென்னை எல்லாம் தரையில் கிடந்தன. பத்து நாள் கழித்து அந்தக் கோயிலுக்குப் போனேன். இலுப்பை வேரோடு சாய்ந்து கிடந்தது. புயல் என்றார்கள் எல்லோரும். நானும் தலையாட்டினேன். பிறகு சுற்றிப் போய் வேர்ப்பக்கம் பார்த்தேன். மூன்று பக்கம் வேர்கள் கிழிந்து, நார் நாராக, மண்ணோடு தொங்கின. பாதை இருந்த பக்கம் மட்டும் ஒன்றும் இல்லை. சுவர் போல நேராக இருந்தது. பாதைக்குக் குழி தோண்டியபோது வெட்டியது. வெட்டுப்பட்ட முனைகள் பழசாகிக் கறுத்திருந்தன.

புயல் அன்று வெட்டுப்படாத மரங்களையும் சாய்த்தது. அந்த இலுப்பையை என் நோட்தான் சாய்த்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் என்னால் நிரூபிக்க முடியவில்லை. நாலு படம் எடுத்தேன். மகளுக்குக்கூட நான் அவற்றைக் காட்டியதில்லை.

அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக, தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பிடித்தேன். பேத்தியின் கேள்விக்குப் பதில் வேண்டும் என்றேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்குக் கூட்டிப் போனார். நம்மில் பலர் வேண்டுதலுக்குப் போயிருப்போம். சாமியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம். அவர் என்னை மரங்களைப் பார்க்க வைத்தார்.

வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று அதற்குப் பெயர். பெயர் கொஞ்சம் நீளம்தான். பொருள் எளிது. வருடத்தில் மூன்று மாதம் மட்டும் நல்ல மழை, மற்ற நாளெல்லாம் காய்ச்சல் என்று இருக்கும் நம் சோழமண்டலக் கரையில், சித்திரை வெயிலிலும் இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கிற காடு. ஒரு காலத்தில் கரையோரம் நெடுகப் பரவியிருந்தது. இப்போது துண்டு துண்டாக, பெரும்பாலும் இப்படிச் சாமி பெயரைச் சொல்லி விட்டுவைத்த இடங்களில்தான் மிச்சம். மரங்கள் முப்பது நாற்பது அடிக்கு மேல் போவது அபூர்வம். ஒன்றோடொன்று பின்னி, நடுவில் தொடை கனத்துக்குக் கொடிகள்.

ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். நான் திக்தே எழுதுகிற பையன் போல எழுதிக்கொண்டேன். உலக்கைப்பாலை. வீரை. இரும்பிலி. உசிலை. காட்டு எலுமிச்சை. பிறகு ஒரு மரத்தைத் தொட்டு, "இது காயா" என்றார். திருமாலின் நிறத்துக்கு உவமையாகச் சொல்கிறோமே காயாம்பூ, அந்தக் காயா! எழுபது வருடமாகக் காதில் விழுகிற பெயர். மரம் எங்கள் ஐயனார் கோயிலிலேயே நின்றிருக்கிறது. 'ஜங்கிள் கிளியரன்ஸ்' கணக்கில் எத்தனை காயா போயிற்றோ.

நம் ஊரில் செயின்ட் லூயிஸ் வீதியில் 1955-லிருந்து பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இந்தக் காட்டுச் செடிகொடிகளை எல்லாம் பாடம் செய்து அடுக்கி வைத்திருக்கிற காப்பகம் அங்கே உண்டு. பிரஞ்சு படித்த நான் அந்த வாசலை ஆயிரம் முறை தாண்டிப் போயிருக்கிறேன். ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

புத்துப்பட்டிலும் படம் எடுத்தேன். எண்பது படம். எல்லாவற்றிலும் ஒரே பச்சைக் குழப்பம். எது மரம், எது கொடி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஒன்றும் தெரியவில்லை. மியூர் வுட்ஸ் படங்களுக்கு அடுத்து இவையும் கைப்பேசியில் இருந்தன. நண்பர் விரலால் தள்ளிக்கொண்டே வந்தவர் இதைப் பார்த்ததும், "இது என்ன அண்ணே, ஏதோ புதர்!" என்று தாண்டிவிட்டார். எங்கள் சண்டை உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

இப்போது நண்பர் கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

"அது வெளிநாடு. காசு இருக்கு, செய்யறான்." மேற்குக் கரையில் இருந்த பழைய செம்மரக் காட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை வெட்டித் தீர்த்தவர்களும் அவர்களேதான். மிச்சம் இருப்பது ஐந்து பங்கு. மியூர் வுட்ஸ் தப்பியது அரசாங்கத்தின் பெருந்தன்மையால் அல்ல. வில்லியம் கென்ட் என்பவரும் அவர் மனைவி எலிசபெத்தும் 1905-இல் 611 ஏக்கரை 45,000 டாலருக்கு வாங்கினார்கள். இரண்டு வருடத்தில் ஒரு தண்ணீர்க் கம்பெனி அங்கே அணை கட்ட நிலத்தைக் கேட்டு வழக்குக்கு வந்தது. கென்ட் 295 ஏக்கரை மத்திய அரசுக்கே தானமாகக் கொடுத்துவிட்டார். 1908 ஜனவரி 9 அன்று ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். கென்ட் பெயரை வைக்கலாம் என்றபோதும் வேண்டாம், இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர் பெயரே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

கென்ட் மகான் ஒன்றும் இல்லை. ஆசியாக்காரர்கள் அமெரிக்காவில் குடியேறக் கூடாது என்று அரசியல் செய்தவர். 1920-இல் செனட் தேர்தலுக்கு நின்றபோது அதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். அவர் வேண்டாம் என்ற ஜாதி நாங்கள், புடவையும் வேட்டியுமாக அவர் காப்பாற்றிய காட்டில் உலாவிவிட்டு வந்தோம். ஆகவே, காட்டைக் காப்பாற்றக் காசுதான் வேண்டும், உத்தமர்கள்தான் வேண்டும் என்பதெல்லாம் சாக்கு. வெட்ட வந்தபோது வேண்டாம் என்று ஒருவர் சொன்னார், அதைக் காகிதத்திலும் எழுதிக் கொடுத்தார்.

"முடியாதவங்க, வயசானவங்க சாமி பார்க்க வேணாமா?" இந்தக் கேள்வியைத்தான் எல்லா மனுவிலும் முன்னால் நிறுத்துகிறார்கள், நம் முட்டி வலியைக் காட்டித்தான் காட்டை வெட்டுகிறார்கள். என் மனைவியின் முட்டிக்கும் பழங்காட்டு வேருக்கும் ஒரே நேரத்தில் வழி செய்ய முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

"பலகை போட்டா நம்ம ஊர் மழைக்கு உளுத்துடும், கரையான் அரிச்சிடும்." இது நியாயமான கேள்வி. பலகைதான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கம்பிக் கால்மேல் இரும்புச் சட்டம் போடலாம். அதுவும் வேண்டாம் என்றால் இரண்டு மூன்று அடியில் மண்பாதை, இரு பக்கமும் கயிறு, ஒரு ஆள் கை பிடித்து நடக்க. வேரை வெட்டக் கூடாது; மண்ணை இறுக்கக் கூடாது; மழைத்தண்ணீர் இறங்க வேண்டும். இந்த மூன்றும்தான் கணக்கு. பேவர் பிளாக் மேலே பார்க்கத்தான் அழகு. அதற்கு அடியில் என்ன நடக்கிறது என்று எஸ்டிமேட் பார்த்தவனுக்குத் தெரியும். முதலில் மண் வெட்டி எடுப்பு, பிறகு ஜல்லி, பிறகு இடிப்பு, பிறகு மணல், கடைசியில்தான் கல். வெட்டி, இடித்து, மூடுகிற வேலை அது.

"கூட்டம் வந்தாத்தானே கோயில் வளரும்?" ஐயனார் ஊர் நடுவில் உட்கார்ந்திருக்கிற சாமி இல்லை. எல்லையில், காட்டுக்குள், மண்குதிரைகளோடு இருப்பவர். என் பாட்டி அந்தக் காட்டு விளிம்பிலேயே செருப்பில்லாத காலைக்கூட ஒருமுறை தட்டிவிட்டுத்தான் உள்ளே வைப்பாள். காய்ந்த சுள்ளி ஒன்றைக்கூட எடுத்துவர விடமாட்டாள். ராத்திரி குதிரை வரும் என்பாள். நாங்கள் நம்பினோம். அந்தப் பயம்தான் நம் ஊர்க் காட்டுக்கு வேலி.

இப்போது யாருக்கும் அந்தப் பயம் இல்லை. போகட்டும், மூடநம்பிக்கை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பயத்தை எடுத்த இடத்தில் அவர்கள் சட்டத்தை வைத்தார்கள், அபராதம், வேலி, முன்பதிவு, பலகை என்று வைத்தார்கள். நாம் செல்ஃபி பாயிண்ட் வைக்கிறோம்.

இதையெல்லாம் இளைஞர்கள் செய்கிறார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. திருப்பணிக் குழுவில் இருப்பது யார்? மனு எழுதுவது யார்? நன்கொடைக் கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொள்வது யார்? எழுபது தாண்டிய நாம்தான். நமக்கு நேரம் இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, அதிகாரிகளைத் தெரிகிறது, மனு எழுதவும் தெரிகிறது. அமெரிக்காவில் நுழைவுச் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, கோட்டைத் தாண்டாமல் நடந்து, கிசுகிசுத்துப் பேசிவிட்டு வருகிறோம். ஊருக்கு வந்ததும் ஜே.சி.பி. கூப்பிடுகிறோம்.

தை மாதம் திருப்பணிக் குழு கூடுகிறது. நண்பர் கோபம் தணிந்து என்னையும் அழைத்திருக்கிறார். போகப் போகிறேன். மியூர் வுட்ஸ் படங்களை எடுத்துப் போகவில்லை. இலுப்பையின் வேர்ப்பக்கத்தை எடுத்த அந்த நாலு படங்களைத்தான் பெரிதாக அச்சடித்து வைத்திருக்கிறேன். அந்தப் பழைய நோட்டை எழுதியது யார் என்பதையும் அங்கே சொல்லப் போகிறேன். கூடவே எதிர் மனு ஒன்றும் தயார். 'புதர்' என்று இருந்த இடத்திலெல்லாம் மரங்களின் பெயர்களை எழுதியிருக்கிறேன். பதினான்கு பெயர்கள் வரை வந்திருக்கின்றன.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குலதெய்வக் கோயில் காட்டில் பொங்கல் வைத்தபோது, காது குத்தியபோது எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெட்டியில் கிடக்கும். எடுத்துப் பாருங்கள். குழந்தையை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். இன்று அதே இடத்தில் போய் நின்று இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, யாராவது மனு கொண்டுவந்தால், கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பேத்திக்குப் பதினான்கு பெயரையும் எழுதி அனுப்பிவிட்டேன். காயாவைப் பூக்கும்போது படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.